பல்லைப் பாருங்கள், சுழியை விடுங்கள்

பிள்ளைக்கு முதல் பேஸ் கிட்டார் வாங்கப் போகும் காங்கேயம் வட்டாரப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அப்பா, அம்மாக்களுக்கு,



முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்டால் போதும், என் ஃபோனுக்கு ஒரே கேள்விதான் வருகிறது. "பையன் பேஸ் கிட்டாரு வேணும்ங்கிறானுங்க. ஆன்லைன்ல ஒம்பதாயிரம் போட்டிருக்குதுங்க. அந்த வெலைக்குத் தேறுமுங்களா?" கேட்பவர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுபவராக இருப்பார், கொப்பரைக் களத்தில் நின்றபடி பேசுபவராக இருப்பார், திருப்பூர் பனியன் கம்பெனிக்குத் தினமும் பஸ் ஏறுகிற அம்மாவாகவும் இருப்பார். நான் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறவன். கச்சேரி இல்லாத நாட்களில் மற்றவர்களின் கிட்டார்களைச் சரிசெய்தும் கொடுக்கிறேன். அதனால் இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்கிறது. ஃபோனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தேறும். ஒன்பதாயிரம், பத்தாயிரம் ரூபாய் பேஸில் ஒரு பிள்ளை இரண்டு மூன்று வருடம் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம், கோயில் திருவிழா மேடையிலும் ஏறலாம். ஆனால் எந்தப் பத்தாயிரம் ரூபாய் பேஸ் தேறும் என்பதை விலைப்பட்டியலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. என்னாலும்தான்.

காரணம் இருக்கிறது. சென்ற வருடம் இரண்டு பையன்கள் ஒரே கம்பெனியின் ஒரே மாடலை வரவழைத்து என்னிடம் கொண்டுவந்தார்கள். ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. கறுப்பில் கம்பிகள் கொஞ்சம் உயரமாக நின்றன, அவ்வளவுதான். ஆலன் கீயை எடுத்துக் கம்பிகளின் அடிமுனை உட்காரும் பாலத்தில் நாலு திருகு, கழுத்தில் ஒரு திருகு. பையன் அன்றைக்கே சந்தோஷமாக வாசித்துக்கொண்டு போனான். சிவப்பின் கழுத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்க விளிம்பு நூல் பிடித்த மாதிரி போனது. மறுபக்க விளிம்பு, கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகளில் ஒன்பதாவதைத் தாண்டியதும் மெல்ல ஒருக்களித்தது. முறுக்கு. நேர் வளைவு என்றால் திருகிச் சரிசெய்யலாம், முறுக்குக்கு அந்த வைத்தியம் பலிக்காது. திருப்பி அனுப்பும் கெடுவும் தாண்டியிருந்தது.

மலிவான கருவிகளின் சிக்கல் இதுதான். எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம் அதிகம். விலை கூடக் கூட அந்த வித்தியாசம் குறைகிறது. ஆகவே "எந்த மாடல் வாங்கலாம்?" என்ற கேள்வி பாதிக் கேள்விதான். "இதோ என் கையில் இருக்கிற இந்த ஒன்று தேறுமா?" என்பதே முழுக் கேள்வி.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போய், "காங்கேயம் காளை ஒண்ணு குடுங்க" என்று கேட்டுவிட்டு, பார்க்காமல் கயிற்றை வாங்கிக்கொண்டு திரும்பிய ஆள் உண்டா? வாயைத் திறந்து பல் பார்ப்போம். இரண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா என்று எண்ணுவோம். நடக்கவிட்டுக் காலைப் பார்ப்போம். கூடவே உடம்பில் உள்ள மயிர்ச்சுழியும் பார்ப்போம். பல் வயதைச் சொல்லும். அதில் ஏமாற்று இல்லை. சுழி சொல்வது பார்ப்பவரின் நம்பிக்கையைப் பொறுத்தது. சுழி சரியில்லை என்று ஒருவர் தள்ளிவிட்ட காளை இன்னொருவர் காட்டில் வருடக்கணக்காக உழுததும் உண்டு. பேஸ் கிட்டாரிலும் பல் இருக்கிறது, சுழி இருக்கிறது. விளம்பரம் காட்டுவது பெரும்பாலும் சுழி. நீங்கள் பார்க்க வேண்டியது பல்.

இந்தக் கருவி என்ன செய்யும் என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. "நாலு கம்பிதான இருக்குது, ஆறு கம்பி கிட்டாருக்கும் இதே வெலைதானுங்களே?" என்றார் ஒருவர். காங்கேயத்திலிருந்து திருப்பூருக்கோ தாராபுரத்துக்கோ போகும் தனியார் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து இளையராஜா பாட்டு கேட்டிருப்பீர்கள். காதுக்கு வருமுன் முதுகில் ஒரு அதிர்வு வரும் பாருங்கள், தபேலாவுக்கும் டிரம்ஸுக்கும் அடியில் தனியாக ஒரு ராகம் நடந்துகொண்டே இருக்கும், அதுதான் பேஸ். ராஜாவின் பாட்டுகளில் பல வருடங்களாக அதை வாசித்துவருபவர் சசிதரன். ஏ.ஆர். ரகுமானின் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ். பெயர் தெரியாமலேயே நாம் இவர்களைப் பல வருடங்களாகக் கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

மகள் கேட்டால் தயங்கும் அப்பாக்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. மும்பையைச் சேர்ந்த மோகினி டே, பேஸ் வாசிக்கும் தன் அப்பா சுஜய் டேயிடம் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டு, பதின்பருவத்திலேயே பெரிய மேடைகளில் வாசித்தவர். ரகுமானின் குழுவிலும் வாசித்தார். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த பேஸ் கலைஞர்களில் ஒருவர்.

பேஸ் கிட்டாரில் மிகத் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிரும். செல்ஃபோன் ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்கு இறங்காது. அதன் மேலே எழும் உபநாதங்களை மட்டும் அது கொடுக்கும், மிச்சத்தை நம் காது ஊகித்துக்கொள்ளும். அதனால் பையன் செல்லில் ஒரு வீடியோவைக் காட்டி, "இதோட சவுண்டக் கேளுங்கப்பா" என்றால், அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பத்தாயிரம் ரூபாய் பேஸும் இரண்டு லட்சம் ரூபாய் பேஸும் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கிட்டத்தட்ட ஒன்றாகவே கேட்கும்.

மலிவு என்றாலே மட்டம் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தள்ளி வைப்போம். இன்று நாம் பார்க்கும் பேஸ் கிட்டாரைப் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கியவர் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருந்த லியோ ஃபெண்டர். 1951இல் அவர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸ் வெளிவந்தது. அவர் ரேடியோ பழுதுபார்த்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். ஆள் உயரத்துக்கு இருந்த டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களுக்கு, கையில் தூக்கிப் போகிற மாதிரி ஒன்றை, தொழிற்சாலையில் வேகமாகச் செய்து முடிக்கிற மாதிரி யோசித்தார். ஒரு பலகை உடம்பு, அதில் நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கிய கழுத்து, கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒரு பிக்கப், இரண்டு குமிழ். பிறந்தபோதே இது எளிய கருவிதான்.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தன் ஹாஃப்னர் பேஸை ஏறக்குறைய 30 பவுண்டுக்கு வாங்கினார். ஃபெண்டர் வாங்க அப்போது அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. அந்த மலிவு பேஸில்தான் பீட்டில்ஸின் ஆரம்பகாலப் பாட்டுகளை அவர் வாசித்தார். 1982இல் ஃபெண்டர் கம்பெனியே, ஜப்பான்காரர்களின் மலிவுப் போட்டியைச் சமாளிக்க, ஸ்குவையர் என்ற பெயரில் ஜப்பானிலேயே குறைந்த விலைக் கிட்டார்களைச் செய்யவைத்தது. அன்றைக்கு அதை மட்டமாகப் பேசியவர்கள் உண்டு. அந்த ஆரம்பகால ஜப்பான் ஸ்குவையர்களைச் சேகரிப்பாளர்கள் இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள்.

அப்படியானால் பத்தாயிரம் ரூபாய் பேஸில் கம்பெனி எதில் மிச்சம் பிடிக்கிறது? மரத்தை அறுப்பதிலும் குடைவதிலும் இன்று பெரிய வித்தியாசம் இல்லை. கணினி இயந்திரம் எல்லா விலைக்கும் ஒரே மாதிரி வெட்டிக் கொடுத்துவிடும். மிச்சம் பிடிப்பது கடைசிக் கைவேலையிலும் காத்திருப்பிலும். ஃப்ரெட் கம்பிகளை ஒரே மட்டத்துக்குத் தேய்ப்பது, ஓரங்களை அரத்தால் மழுக்குவது, தலைப்பக்கம் இருக்கும் நட்டில் கம்பி உட்காரும் பள்ளங்களை அளவாக அறுப்பது, மரத்தைப் போதுமான காலம் உலரவிடுவது. இவை எல்லாம் ஆள் நேரமோ காலமோ பிடிப்பவை. இந்த நான்கில் எது எவ்வளவு விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் பல் பார்ப்பதில் பெரும்பங்கு.

சரி, கடைக்குப் போய்விட்டோம். கோவையோ ஈரோடோ திருப்பூரோ, எங்கேயானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

முதலில் கழுத்து. கிட்டாரின் உடம்புப் பக்கம் உங்கள் முகத்துக்கு அருகில் இருக்கட்டும், தலைப்பக்கம் வெளிச்சத்தைப் பார்க்கட்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் இரண்டு விளிம்புகளையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி போக வேண்டும். வாசிக்கத் தெரிய வேண்டாம். ரீப்பர் வாங்கும்போது கோட்டம் பார்க்கிற அதே கண் போதும்.

அடுத்து வளைவு. தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலாலும், கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் இன்னொரு விரலாலும் அழுத்துங்கள். கம்பி இப்போது நேர்கோடு. ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் நல்லது, சுமார் 0.3 மில்லிமீட்டர். இடைவெளியே இல்லை என்றாலோ, நாலு கார்டு நுழைந்தாலோ உடனே தள்ளிவிட வேண்டாம். கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்று ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. அதன் மரையைக் கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். கழுத்து அசைந்து கொடுத்தால் வண்டி ஓடும். மரை சுற்றவே மாட்டேன் என்றாலோ, வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றினாலோ அந்தப் பெட்டியை மூடிவிடலாம். நாலு கம்பியும் சேர்ந்து எழுபது, எண்பது கிலோ இழுவையைக் கழுத்தின் மேல் போடுகின்றன. எதிர்த்து நிற்க மரத்துக்குத் துணை அந்த ஒரு இரும்புதான்.

நம் ஊருக்கு இந்தக் கழுத்துச் சோதனை கூடுதலாகவே பொருந்தும். சித்திரையில் நம் காற்றில் ஈரம் என்பதே இருக்காது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும், மழை வராது. ஐப்பசியில் திடீரென்று ஈரம் ஏறும். சரியாக உலராத மரம் இந்த மாற்றத்தில் சுருங்கி விரிந்து ஆடும். மரம் சுருங்கும், அதில் பதித்திருக்கும் ஃப்ரெட் உலோகம் சுருங்காது. அதனால் கடையில் ஏசியில் வழுவழுப்பாக இருந்த கழுத்து, பங்குனி, சித்திரையில் விளிம்பில் முள் முளைத்த மாதிரி கையைக் கீறும். வாங்கும்போதே விளிம்போடு உள்ளங்கையை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். லேசாக நெருடினால் அரம் போட்டுச் சரிசெய்யலாம். கையை இழுத்துக்கொள்ளும் அளவுக்குக் கீறினால் மரம் சரியாக உலருமுன்பே ஃப்ரெட் பதித்திருக்கலாம்.

மூன்றாவது வேலைக்குப் பொறுமை வேண்டும். வழக்கமான பேஸில் 20 ஃப்ரெட், 4 கம்பி. திறந்த கம்பிகளையும் சேர்த்தால் 84 இடம். ஒவ்வொரு இடத்திலும் ஒருமுறை மெதுவாக மீட்டச் சொல்லுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் ஸ்வரம் "டொக்" என்று செத்து விழுந்தாலோ, "ஜிர்" என்று உரசினாலோ குறித்துக்கொள்ளுங்கள். கழுத்து முழுக்க லேசாக ஜிர் என்றால் கம்பி தாழ்ந்திருக்கிறது, சரிசெய்யலாம். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் உரசினால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது, அது கைவேலை கேட்கும். மெல்லிய கம்பியில் ஐந்து, ஆறு, ஏழாவது ஃப்ரெட்களில் நாதம் கொஞ்சம் சீக்கிரம் அடங்கினால் பயப்பட வேண்டாம். விலை உயர்ந்த ஃபெண்டரிலேயே அந்தக் குணம் உண்டு.

நான்காவது, கம்பியின் உயரம். பள்ளிக்கூட ஸ்கேல் போதும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பியின் அடிக்கும் நடுவில் 2 முதல் 3 மில்லிமீட்டர் இருந்தால் பழகுகிற பிள்ளைக்குச் சுகம். அதற்கு மேல் இருந்தால் பாலத்தில் உள்ள சின்ன ஸ்க்ரூக்களைப் பாருங்கள். அவை இறங்க இன்னும் இடம் இருக்கிறதா? இருந்தால் பிரச்சினை இல்லை. அடிமட்டத்துக்கு இறங்கியும் கம்பி உயரமாகவே நின்றால், கழுத்து உடம்போடு சேரும் கோணமே தவறு. முதல் கருவியில் இந்த உயரத்தைக் கவனிக்காததால்தான் பல பிள்ளைகள் "விரல் வலிக்குது" என்று சொல்லிக் கிட்டாரை மூலையில் சாய்த்துவைக்கிறார்கள். "சோம்பேறி" என்று பையனைத் திட்டுகிறோம். திட்ட வேண்டியது அந்தக் கூடுதல் உயரத்தை.

ஐந்தாவது, மின்சாரம். ஆம்ப் எனும் ஒலிபெருக்கியில் சொருகி, இரண்டு குமிழ்களையும் கடைசி வரை திருப்புங்கள். கரகரப்பு கொஞ்சம் வந்தால் சுத்தம் செய்தால் போகும். ஜாக்கில் வயரை ஆட்டும்போது சத்தம் விட்டு விட்டு வந்தால் பற்றவைப்பு சரியில்லை. சின்ன வேலைதான், ஆனால் விலையில் குறைத்துக் கேளுங்கள். சும்மா இருக்கும்போது இரைச்சல் கேட்டு, கம்பியைத் தொட்டதும் அது குறைந்தால் எர்த் இணைப்பு ஒழுங்காக இருக்கிறது. தொட்டதும் கையில் சுர்ரென்று ஏறினால் மட்டும் உடனே கையை எடுத்துச் சுவிட்சை அணையுங்கள். அது ஆம்பிலோ சுவரில் உள்ள பிளக்கிலோ உள்ள கோளாறு, உயிர் விஷயம். வீட்டிலும் மூன்று பின் பிளக்கில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். பழைய ஓட்டு வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டையாகவே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லி, பட்டையை மாட்டி, இரண்டு கையையும் விடச் சொல்லுங்கள். தலைப்பக்கம் சரசரவென்று தரையை நோக்கி இறங்கினால், அந்த எடையை இனி எந்நேரமும் இடது கை சுமக்க வேண்டும். ஸ்வரம் பிடிக்க வேண்டிய கை அது. அகலமான, சொரசொரப்பான பட்டை ஓரளவு தாங்கும். முழுக்க விழுகிற கிட்டாரை வாங்காதீர்கள்.

இவ்வளவுதான் பல். இனி சுழிக்கு வருவோம்.

நிறம் சுழி. பையனுக்குப் பிடித்த நிறமாக இருந்தால் தினமும் கையில் எடுப்பான் என்பது உண்மை. மற்ற எல்லாம் சரியாக இருக்கிற இரண்டு பேஸ்களுக்கு நடுவில் நிறத்தைப் பார்க்கலாம். உடம்பு என்ன மரம் என்ற பேச்சு சுழி. இந்த விலையில் ஆம்பிலிருந்து வரும் சத்தத்தில் மரத்தின் பங்கைத் தேடுவதைவிட, பழைய கம்பியை மாற்றிப் புதுக் கம்பி போட்டால் வித்தியாசம் கேட்கும். 5 கம்பி சுழி. நாலையே கற்றுக்கொள்ளாத பிள்ளைக்கு ஐந்தாவது கம்பி, இடது கையால் அடக்கிவைக்க வேண்டிய இன்னொரு தொல்லை. பேட்டரி போடும் ஆக்டிவ் சர்க்யூட் சுழி. 24 ஃப்ரெட் சுழி. பிக்கப் எத்தனை என்பது சுழி. டெட்ராய்டின் மோடவுன் கம்பெனிப் பாட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை உலகமே பேஸ் வாத்தியாராகக் கொண்டாடுகிறது. அவர் பெரும்பாலும் கையில் வைத்திருந்தது நாலு கம்பி, ஒரே பிக்கப் உள்ள 1962 ஃபெண்டர் பிரிசிஷன்.

"பேக், பட்டை, வயர், ஆம்ப் எல்லாம் சேர்த்து ஒரே விலை" என்ற காம்போ மகா சுழி. மொத்த விலையைக் கூறுபோட்டுப் பார்த்தால் கிட்டாருக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பிராண்ட் பெயர் மட்டும் பாதி சுழி, பாதி பல். விலையில் இன்னும் மேலே ஏற முடிந்தால் யமஹாவின் டிஆர்பிஎக்ஸ்174, ஐபனெஸ் ஜியோ வரிசை, கார்ட் ஆக்‌ஷன், ஸ்குவையர் என்று போகலாம். இவற்றிலும் பல் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம் குறையும். ஒருவேளை பிள்ளை பாதியில் விட்டுவிட்டால் கைமாற்றி விற்பதும் சுலபம். பிராண்டுக்காகக் கூடக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி அப்படித் திரும்பி வரும்.

பணத்தைப் பிரிப்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறோம். 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்களா? அதில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். புதுக் கம்பி, வயர், பட்டை, தலையில் மாட்டும் க்ளிப் ட்யூனர், விவரம் தெரிந்தவரிடம் கழுத்தையும் கம்பி உயரத்தையும் சரிசெய்துகொள்ளும் ஒரு செட்டப் இவற்றுக்கு அது வேண்டும். பத்தாயிரம் ரூபாய் பேஸுக்கு நல்ல செட்டப் செய்தால், செட்டப் இல்லாத பதினைந்தாயிரம் ரூபாய் பேஸை அது தோற்கடிக்கும். செல்ஃபோன் ட்யூனர் இலவசம்தான், ஆனால் தடித்த கம்பியின் ஆழத்தை அந்த மைக் சில நேரம் தப்பாகப் பிடிக்கும்.

ஆம்ப் உடனே வேண்டியதில்லை. ஹெட்ஃபோன் சொருகும் சின்ன ஆம்ப் ஒன்று இருந்தால் ராத்திரி பத்து மணிக்கும் பழகலாம், பக்கத்து வீட்டோடு சண்டை இல்லை. வீட்டு ஹோம் தியேட்டரில் சொருகிச் சத்தமாக வாசிக்க மட்டும் விடாதீர்கள். பாட்டு கேட்கச் செய்த ஸ்பீக்கர் நேரடி பேஸின் அடியைத் தாங்காமல் கிழிந்துபோகலாம்.

ஆன்லைனில்தான் வாங்க முடியும் என்றால், வாங்குமுன் திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள், அனுப்பும் செலவு யாருடையது என்று படித்துவிடுங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். அன்றோ மறுநாளோ மேலே சொன்ன அத்தனையும் பார்த்துவிடுங்கள். பிறந்தநாள் வரட்டும், நல்ல நாள் வரட்டும் என்று பெட்டியைப் பீரோ மேல் வைத்தால் கெடு அங்கேயே முடிந்துவிடும்.

பழசு வாங்கத் தயங்காதீர்கள். மெல்லிசைக் குழுக்காரர்களும் சர்ச் குழுவினரும் கருவியை மாற்றும்போது நல்ல பேஸ்கள் பாதி விலைக்கு வெளியே வரும். நம் ஊர் வெயிலையும் ஆடிக் காற்றையும் பல வருடம் பார்த்துவிட்டு இன்னும் நேராக நிற்கும் கழுத்து இனிமேலும் பெரும்பாலும் நேராகவே நிற்கும். புதுக் கழுத்து என்ன செய்யும் என்பது அடுத்த கோடையில்தான் தெரியும். பழைய பேஸில் இடது கை அதிகம் புழங்கும் முதல் ஐந்து ஃப்ரெட்களில் கம்பி ஆழமாகப் பள்ளம் போட்டிருக்கிறதா என்று மட்டும் கூடுதலாகப் பாருங்கள்.

வாங்கிய பிறகு இரண்டே இரண்டு காரியம். சிமென்ட் ஷீட் கூரைக்கு அடியிலும், வெயிலில் நிறுத்திய காரிலும் வைக்காதீர்கள். இன்னொன்று, நம் ஊர் என்பதால் சொல்லியே ஆக வேண்டும்: ஃப்ரெட் பலகை வறண்டிருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தேய்க்காதீர்கள். சொந்த மில் எண்ணெயாக இருந்தாலும் சரி. பிசுக்கு ஏறித் தூசி அப்பிக்கொள்ளும், குளிர்ந்தால் உறைந்தும் நிற்கும். உலர்ந்த பருத்தித் துணி போதும், அதற்குத் திருப்பூர் பக்கத்தில் இருக்கிற நமக்குப் பஞ்சமா என்ன.

ஊரில் ஏற்கெனவே பேஸ் வாசிக்கும் அண்ணன்மார்களுக்கும் இந்த மடலிலேயே ஒரு வேண்டுகோள். வாங்கப் போகிற குடும்பத்தோடு ஒரு நாள் கடைக்குப் போய் வாருங்கள். பெற்றோரே, அவருக்குப் பஸ் டிக்கெட்டும் மதியச் சாப்பாடும் வாங்கிக் கொடுங்கள். இந்த மொத்தச் செலவில் அதைவிட லாபமான செலவு எதுவும் இல்லை. பிள்ளை கற்பதை விட்டுவிட்ட வீடுகளில் சுவரில் தொங்கும் பேஸ்கள் ஊருக்குள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றை அடுத்த பிள்ளைக்கு விற்றோ இரவலாகக் கொடுத்தோ உதவுங்கள். இந்த மாதிரி நாலு கருவி கைமாறினால், ஆன்லைனில் குருட்டாம்போக்கில் வாங்க வேண்டிய தேவையே பாதி குறையும்.

கடைசியாக ஒன்று. கடை வரைக்கும் போய், ஆசை ஆசையாக எடுத்துப் பார்த்து, கழுத்து முறுக்கியிருக்கிறது என்று தெரிந்தால், வைத்துவிட்டு வாருங்கள். பிள்ளையின் முகம் வாடும், கடைக்காரர் இன்னும் ஐந்நூறு குறைப்பார், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று உங்களுக்கும் தோன்றும். அந்த ஐந்நூறுக்கு மயங்காதீர்கள். வேறொரு பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் வேறு கடை. விலை குறைந்த பேஸ் வாங்குவதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அதை வேண்டாம் என்று வைத்துவிட்டு வரத் தெரிந்தவர்தான் வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்களூர் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பவன்,
காங்கேயம்.